வேன் ஏறாதவர்

எங்கள் சைக்கிள் கூட்டத்தில் ஒரு மஞ்சள் ஜெர்சி உண்டு. முதுகில் பெரிய எழுத்தில் ‘வேன் ஏறாதவர்’ என்று அச்சடித்திருக்கும். ஐந்து நாள் பயணத்தில், வெயில் என்றோ முட்டி வலி என்றோ சொல்லி, கூடவே வரும் சாப்பாட்டு வேனில் ஒரு தடவைகூட ஏறாதவருக்குத்தான் அது கிடைக்கும். போன வருஷம் நான் இரண்டாம் நாள் மத்தியானமே ஏறிவிட்டேன். ஏறியதுகூடப் பரவாயில்லை. முறுக்கு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டேன். யாரோ படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து, நாங்கள் இருக்கும் ரவுண்ட் ராக் என்ற இந்த அமெரிக்க ஊரில் பாதித் தமிழ்க் குழந்தைகளுக்கு நான் ‘வேன் ஆன்ட்டி’. பிறந்தநாள் வீட்டில் கேக் வாங்கப் போனால், “ஹாய் வேன் ஆன்ட்டி” என்கிறது மூன்றடி உயரத்தில் ஒன்று. அதைப் பெற்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்க்கிறார்கள்.

அதனால் இந்த வருஷம் அந்த ஜெர்சி எனக்கு வேண்டும். நாற்பத்தொன்பது வயதில் ஒரு பனியனுக்கு இத்தனை ஆசையா என்று கேட்டால், ஆமாம், அத்தனை ஆசைதான். நான் பிறந்ததே திருப்பூரில். பனியன் கம்பெனி வைத்திருக்கும் என் தம்பி போனில் விழுந்து விழுந்து சிரித்தான். “வேணும்னா சொல்லுக்கா, இதே மாதிரி நூறு அடிச்சு அனுப்பறேன்” என்றான். அவனுக்கு எப்படிப் புரியவைப்பது? ஒரு வருஷமாகச் சனிக்கிழமை காலையில் ஊரே போர்வைக்குள் கிடக்கும்போது நான் எழுந்து போய் மிதித்துவிட்டு வந்தது நூறு பனியனுக்காக அல்ல.

நான்கு நாளை ஓட்டி முடித்துவிட்டேன். வேன் கதவைத் தொடவே இல்லை. சாப்பாடு எடுக்கக்கூட யாரையாவது எடுத்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். மிச்சம் இருந்தது ஐந்தாம் நாள் மட்டும். பர்னெட்டில் தங்கியிருந்த மோட்டலிலிருந்து கிளம்பி, மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவே சுற்றிக்கொண்டு ஐம்பத்தெட்டு மைல் வந்தால், ரவுண்ட் ராக்கில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் பயணம் முடியும். புல்வெளியில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தோம். அந்தக் கோட்டை சைக்கிளில் தாண்டியவருக்கு ஜெர்சி.

நாங்கள் எட்டுப் பேர். ஏழு பேருக்குக் கம்ப்யூட்டர் வேலை, ஒருவர் பல் டாக்டர். தலைவர் திருநெல்வேலிக்காரர். ஆபீஸில் ப்ராஜெக்ட் மேனேஜர், சைக்கிள் மேல் உட்கார்ந்தாலும் ப்ராஜெக்ட் மேனேஜர்தான். முதல் நாள் காலையில் எட்டு சைக்கிளுக்குப் பதினாறு எலுமிச்சம்பழம் வைத்து, ஒவ்வொருவராக ஏற்றி நசுக்கவைத்துத்தான் பயணத்தைத் தொடங்கினார். வேனுக்குத் தனியாக நாலு. அந்த வேனை ஓட்டி வந்தவர் என் வீட்டுக்காரர். அவருக்கு சைக்கிளில் ஆசையும் இல்லை, அதை மறைக்கும் வழக்கமும் இல்லை. ஐஸ் பெட்டி, பஞ்சர் சாமான், புளிசாதம், தயிர்சாதம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, ஏசி போட்டுக்கொண்டு, பழைய பாட்டு கேட்டபடி முன்னால் போய் மரநிழலாகப் பார்த்துக் காத்திருப்பார்.

எனக்கும் அவருக்கும் தீராத சண்டை என்று ஒன்று இருந்தால் அது கேட் விஷயத்தில்தான். எங்கள் வீட்டுக்குப் பக்கவாட்டில், கொல்லைக்குப் போகும் வழியில் ஒரு மரக் கேட் இருக்கிறது. எங்கள் தெருவில் மான்கள் சொந்தக்காரர்கள் மாதிரி வந்து போகும். என் செம்பருத்தியை மூன்று தடவை மொட்டையடித்துவிட்டுப் போயிருக்கின்றன. இவர் அந்தக் கேட் வழியாக உள்ளே போனால் சாத்த மாட்டார். இந்த வீட்டுக்கு வந்து பதினாலு வருஷம், ஒருநாளும் சாத்தியதில்லை. நான்தான் பின்னாலேயே போய்ச் சாத்துவேன், சாத்தும்போது நாலு வார்த்தை பேசுவேன். அவர் “சரி சரி” என்பார். மறுநாளும் அது ஆவென்று திறந்து கிடக்கும்.

அன்று காலை மோட்டல் வாசலில் தலைவர் எங்களை நிற்கவைத்துப் பேசினார். ஹைவேயில் லாரி அதிகம் என்பதால் நாலு மைல் ஒரு பண்ணைக்குள் புகுந்து போகப் போகிறோம், பல் டாக்டரிடம் வரும் ஓர் அம்மாவின் பண்ணை அது, பெரிய மனசு பண்ணி விட்டிருக்கிறார்கள் என்றார். “கேட் விஷயத்துல மட்டும் கவனமா இருங்க, பாத்துக்கிடுங்க. டீடெய்லா வாட்ஸ்அப்ல போட்டிருக்கேன்.”

தலைவர் காலை ஆறு மணிக்குள் பன்னிரண்டு மெசேஜ் போடுவார். தண்ணீர் குடிக்கும் இடைவெளி, சூரியன் உதிக்கும் நேரம், டயரில் இருக்க வேண்டிய காற்று. எல்லாவற்றுக்கும் நாங்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவோம், படிக்க மாட்டோம். நானும் தூக்கினேன்.

பண்ணைக்குள் நுழைந்தபோது மணி ஒன்பது இருக்கும். இரண்டு பக்கமும் முள்கம்பி, வெள்ளைச் சுண்ணாம்புக்கல் பாதை, குட்டை குட்டையாக ஓக் மரங்கள். செம்பழுப்பு உடம்பும் வெள்ளை முகமுமாக மாடுகள் மேய்வதை நிறுத்திவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தன. எட்டு வண்ணத்தில் எட்டுத் தொப்பையை அவை பார்த்திருக்காது. எங்களில் ஒருவர், “நல்ல மாடுங்க, வேளைக்குப் பத்து லிட்டர் கறக்கும்” என்று கணக்குப் போட ஆரம்பித்தார். “இது கறக்கற மாடு இல்லீங்க, கறி மாடு” என்றார் பல் டாக்டர். அதற்குப் பிறகு ஒரு மைல் தூரம் யாரும் மாடுகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

முதல் கேட் சாத்தியிருந்தது. திறந்து, போய், சாத்தினோம். இரண்டாவது கேட் ஆவென்று திறந்து கிடந்தது. முன்னால் போன ஏழு பேரும் அப்படியே போய்விட்டார்கள். நான் கடைசி. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? இந்த ஊரிலும் ஏதோ ஒரு வீட்டுக்காரர், பாவம் ஏதோ ஒரு பெண்டாட்டி என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கினேன். அந்த இரும்புக் கேட் நல்ல கனம். இழுத்துச் சாத்தினேன். சங்கிலியைப் போட்டேன். மனசு கேட்கவில்லை. முறுக்கு டப்பாவை சைக்கிளில் கட்டி வைத்திருந்த பச்சை நைலான் கயிற்றை அவிழ்த்து, சங்கிலியின் மேல் இரண்டு முடிச்சு போட்டேன். நல்ல காரியம் செய்த திருப்தியில் அடுத்த மேடு தெரியாமலே ஏறிவிட்டேன்.

ஒன்பது மைல் தள்ளி, ஒரு பழைய சர்ச் பக்கத்து ஓக் மரத்தடியில் வீட்டுக்காரர் பாயை விரித்துச் சாப்பாட்டை எடுத்து வைத்திருந்தார். மணி பதினொன்று, வெயில் அதற்குள் மண்டையைப் பிளந்தது. புளிசாதத் தட்டை வாங்கிக்கொண்டு, அவர் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்.

“எல்லா ஊர்லயும் உங்கள மாதிரி ஆளுங்க இருக்காங்க போல. கேட்டை அப்படியே தொறந்து போட்டிருந்தாங்க. நான்தான் எறங்கிச் சாத்தி, கயிறு கட்டிட்டு வந்தேன்.”

தலைவர் வாய்க்குக் கொண்டுபோன அப்பளத்தைத் தட்டில் வைத்தார். “எந்த கேட்டம்மா?”

“ரெண்டாவதுங்ணா.”

அவர் போனை எடுத்து அந்த மெசேஜைத் தேடிப் படித்தார். பண்ணை அம்மா எழுதி அனுப்பியது. கேட் எப்படி இருக்கிறதோ அப்படியே விட்டுவிட்டுப் போங்கள், சாத்தியிருந்தால் சாத்துங்கள், திறந்திருந்தால் திறந்தே இருக்கட்டும். மேற்குப் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியின் மோட்டார் ரிப்பேர், அதனால் இரண்டாவது கேட்டைத் திறந்து வைத்திருக்கிறேன், மாடுகள் அந்த வழியாகத்தான் குளத்துக்குப் போகும்.

புளிசாதத் தட்டைக் கீழே வைத்தேன். வெள்ளை முகத்தோடு நிமிர்ந்து பார்த்த அந்த மாடுகள்தான் கண்ணுக்கு முன்னால் வந்தன. ஒன்றரை மணி நேரமாக, இந்த வெயிலில். தலைவர் பண்ணை அம்மாவுக்கு போன் போட்டுப் பார்த்தார். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு எழுந்தேன். சைக்கிளில் ஒன்பது மைல் திரும்பிப் போக, இந்த மேட்டில், ஒன்றரை மணி நேரம் ஆகும். வேனில் கால் மணி நேரம். இதைக் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் என் வீட்டுக்காரர் கை கழுவிவிட்டுச் சாவியோடு நின்றார்.

“நீ இரு. நான் போய்த் தொறந்துட்டு வந்தர்றேன்.”

அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, என் சைக்கிளைப் பார்த்தார். ஜெர்சியை மனதில் வைத்துத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. வாயைத் திறந்து சரி என்றும் சொல்லியிருப்பேன். ஆனால் நான் கட்டிய முடிச்சை அவிழ்க்க இன்னொருவரை அனுப்பிவிட்டு நிழலில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவதா? வெட்கமாக இருந்தது. இன்னொரு காரணமும் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கேட் விஷயத்தில் இந்த மனிதரை நம்பி அனுப்ப எனக்குத் துணிச்சல் இல்லை.

வேன் கதவைத் திறந்தேன். பின்னால் யாரோ “அய்யோ அக்கா” என்றார்கள். ஏறி உட்கார்ந்தேன். அந்த சீட் எவ்வளவு மெத்தென்று இருந்தது என்பதை இங்கே எழுத எனக்கு மனம் இல்லை.

போகிற வழியில் அவர் பாட்டைக்கூட நிறுத்திவிட்டார். பண்ணையின் கடைசி கேட்டைத் திறந்து, உள்ளே போய், மறக்காமல் சாத்தி, சுண்ணாம்புக்கல் பாதையில் ஒரு மைல் போனோம். தூரத்திலேயே தெரிந்தது. கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் கதவு திறக்கக் காத்திருக்கும் கூட்டம் மாதிரி, முப்பது நாற்பது மாடுகள் கேட்டின் அந்தப் பக்கம் முட்டிக்கொண்டு நின்றன. முன் வரிசையில் இருந்த ஒரு கன்று என் பச்சைக் கயிற்றை நக்கிக்கொண்டிருந்தது. நான் கட்டிய முடிச்சு எனக்கே அவிழவில்லை. “அவசரப்படாதே” என்று சொல்லி அவர் பல்லால் கடித்து அவிழ்த்தார். கேட் திறந்ததும் மாடுகள் எங்களை ஏறெடுத்தும் பார்க்காமல், இடித்துக்கொண்டு, குளத்தைப் பார்த்து ஓடின. கடைசியாகக் கன்று போனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. வைக்கோல் தொப்பி, எழுபது வயது இருக்கும், ஒல்லியான வெள்ளைக்கார அம்மா. யார் சாத்தியது என்று கேட்டார். நான் பள்ளிக்கூடத்தில் மாதிரி கையைத் தூக்கினேன். கயிற்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எத்தனையோ வருஷமாக இந்த வழியாக ஆட்களை விடுகிறாராம். சாத்த வேண்டிய கேட்டைத் திறந்துபோட்டுப் போனவர்கள்தான் எல்லோரும். திறந்திருந்ததைச் சாத்தி, அதற்கு மேல் கயிறும் கட்டியது நான் ஒருத்திதானாம். ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டார், கோபமில்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிற மாதிரி.

மான் என்றேன். என் வீடு, என் செம்பருத்தி, மூன்று மொட்டை, கேட்டைச் சாத்தாத வீட்டுக்காரர், எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். மானுக்குக் கேட் எதற்கம்மா, ஐந்தடி வேலியை நின்ற இடத்திலிருந்தே தாண்டுமே, நீ சாத்தினாலும் ஒன்றுதான், சாத்தாவிட்டாலும் ஒன்றுதான் என்றார்.

பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. பதினாலு வருஷ வழக்கில் தீர்ப்பு வந்த சந்தோஷம் வெயிலை மிஞ்சி என் தோளில் அடித்தது. அந்த அம்மா அவரைப் பார்த்து, வீட்டில் திறந்துபோடுவது நீதானா, ஏன் அப்படி என்று கேட்டார். அவர் ஆமாம் என்று தலையாட்டிச் சிரித்தாரே தவிர ஏன் என்று சொல்லவில்லை.

“ஒரு வார்த்தை பேசக் கூடாது” என்றேன் வேனில் ஏறியதும்.

“நான் எங்க பேசினேன் அம்மிணி” என்றார். ஆனால் பாட்டைப் போட்டுவிட்டார்.

திரும்பி வந்தபோது ஏழு பேரும் கிளம்பாமல் காத்திருந்தார்கள். என் ஜெர்சிதான் அங்கே பேச்சு. சாப்ட்வேர்க்காரர்கள் ஆறு பேரையும் ஒரு பல் டாக்டரையும் ஒரு மரத்தடியில் ஒரு மணி நேரம் விட்டால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்களோ அதுதான் ஆகியிருந்தது. வேன் பின்னால்தானே போனது, முன்னால் ஒரு அடிகூடக் கொண்டுபோகவில்லையே என்று ஒரு கட்சி. ஒன்பது மைல் பின்னால், ஒன்பது மைல் முன்னால், கூட்டினால் பூஜ்யம், ஆக அக்கா நகரவே இல்லை என்று பல் டாக்டர். ரூலை எழுதும்போதே இந்த மாதிரி கேஸை யோசித்திருக்க வேண்டும், இது எழுதியவர் தப்பு என்று இன்னொருவர். தலைவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“நான் என்னம்மா செய்ய? மனசு கேக்கல. ஆனா பனியன்ல ‘வேன் ஏறாதவர்’னுல்லா போட்டிருக்கு” என்றார்.

அவர் சொன்னது சரிதான். ஏறினேன். ஏறி உட்கார்ந்து ஏசியில் காற்று வாங்கினேன். “விடுங்கண்ணா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டுக் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். அங்கிருந்து நாலு மைல் அழுதுகொண்டே ஓட்டினேன். அழுகிறேன் என்று யாருக்கும் தெரியாது, எல்லோருக்கும் வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. ஒரு பனியனுக்காக இப்படி அழுவேன் என்று தம்பியிடம் சொன்னால் நம்ப மாட்டான்.

மத்தியானம் முழுக்க நான்தான் கடைசி. பண்ணைகள் முடிந்து புது வீடுகளும் பெட்ரோல் பங்குகளும் வர ஆரம்பித்தன. தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. ஜெர்சி இல்லை என்றான பிறகும் ஒரு பிடிவாதம் மட்டும் பாக்கி இருந்தது. அந்தச் சுண்ணாம்புக் கோட்டை நான் மிதித்துத் தாண்ட வேண்டும், தள்ளிக்கொண்டு போய் அல்ல. வீட்டுப் பக்கவாட்டுக் கேட்டை முன்னால் போனவர்கள் சாத்தியிருப்பார்களோ என்று நினைத்தால்தான் பயமாக இருந்தது. அது உள்பக்கம் கொக்கி போட்ட கேட். இறங்கி, எக்கி, கையை விட்டுத் திறக்க வேண்டும். இறங்கினால் திரும்ப ஏறக் காலில் ஒன்றும் இல்லை.

எங்கள் தெருவுக்குள் திரும்பினேன். மற்றவர்களின் சத்தம் கொல்லைப்புறத்திலிருந்து கேட்டது. வாசலில் வேன் நின்றது. கேட் ஆவென்று திறந்து கிடந்தது, காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க அடியில் ஒரு செங்கல்லும் வைத்திருந்தது. நிறுத்தாமல் அப்படியே உள்ளே போனேன். கோட்டைத் தாண்டினேன். ஏழு பேரும் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. சைக்கிளோடு புல்லில் சாய்ந்து விழுந்தேன்.

வீட்டுக்காரர் மோரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஏனுங்க, கேட்டை நீங்கதான தொறந்து வெச்சீங்க?”

“பின்னே? நீ பின்னாடி வந்துட்டிருக்கே. நான் எப்படிச் சாத்தறது?”

இன்றைக்கு மட்டும் என்றா சொல்கிறார் என்று பார்த்தேன். இல்லை. அவர் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “எப்பவுமே அப்படித்தான. நான் முன்னாடி வருவேன். நீ கறிவேப்பிலைத் தொட்டியோ மண்ணு மூட்டையோ தூக்கிக்கிட்டுப் பின்னாடி வருவே. ரெண்டு கையிலயும் சாமானை வெச்சுட்டு எப்படித் தொறப்பே?”

பதினாலு வருஷம். ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா இந்த மனிதர்? நான் திட்டத் திட்ட, சரி சரி என்று கேட்டுக்கொண்டே போயிருக்கிறார். எனக்கு மறுபடியும் அழுகை வந்தது, இந்தத் தடவை கண்ணாடியும் இல்லை. மறைக்க மோரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தேன்.

“நான் உள்ள வந்தப்பறமாவது சாத்தலாமில்லீங்க?”

“அதான் நீ வந்ததும் சாத்திருவியே” என்றார்.

எழுந்து நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. புல்வெளியில் எட்டு சைக்கிள் கிடக்கிறதா, எட்டுப் பேரும் உள்ளே வந்தாயிற்றா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை எண்ணினேன். பிறகு நொண்டிக்கொண்டே போய், செங்கல்லை நகர்த்திவிட்டு, கேட்டைச் சாத்தினேன்.